பதினெட்டு சதவீத ஈரம்

லிண்ட்வால் கவுண்டி ஷெரீஃப் அலுவலகம், மினசோட்டா. 2010 ஜனவரி 26, காலை 10.20 மணி. துணை ஷெரீஃப் ப்ரூஸ்கி முன்னிலையில்.

என் பெயர் ஓரின் த்வெய்ட். வயது 54. தந்தை பெயர் ஹால்வர் த்வெய்ட், காலமாகிவிட்டார். இதே கவுண்டியில் விவசாயம் செய்து வருகிறேன். மணமாகாதவன். வேளாண் பொறியியலில் பட்டம் பெற்றவன். இறந்துபோன ஐல்வா என் தம்பி டெல்மரின் மனைவி. யாரும் தூண்டாமல் நானாக வந்து இதைச் சொல்கிறேன். வழக்கறிஞர் வேண்டுமா என்று கேட்கப்பட்டது. வேண்டாம் என்றேன்.

2003-ல் எங்கள் தந்தை வீட்டையும் மாட்டுத் தொழுவத்தையும் தம்பிக்கு எழுதிவிட்டு, தானியக் குதிர்கள் நிற்கும் தெற்கு நிலத்தை எனக்கு எழுதிவைத்தார். அந்த வீட்டின் கூரையை மாற்றியவன் நான். அங்கே மக்காச்சோளத்தை எரிக்கும் அடுப்பை வாங்கிப் பொருத்தியவனும் நான். அடுப்புக்கு வேண்டிய சோளத்தைத் தம்பி குளிர்காலம் முழுவதும் என் குதிரிலிருந்து எடுத்துக்கொள்ளலாம் என்று உயிலில் ஒரு வரி இருந்தது. அந்த வரியை நான் மீறவில்லை. அவனோடு பேசுவதை மட்டும் நிறுத்திக்கொண்டேன்.

சென்ற அறுவடை மழையில் நனைந்தது. சிறிய குதிரில் இருந்த சோளத்தை மட்டும் பதின்மூன்று சதவீத ஈரத்துக்கு உலர்த்தினேன். பெரிய குதிரில் இருந்தது பதினெட்டு. ஈரத்தை அளந்து குதிர்க் கதவில் சுண்ணக்கட்டியால் எழுதுவது எங்கள் பகுதி வழக்கம். மனைவியிடம் பொய் சொல்கிறவன்கூட அந்த எண்ணில் பொய் சொல்ல மாட்டான். ஆகவே யாரும் மறுபடி அளப்பதில்லை. நவம்பர் 28 அன்று நான் சிறிய குதிரின் கதவைப் பூட்டிவிட்டுப் பெரிய குதிரின் கதவில் 13 என்று எழுதினேன்.

ஈரச் சோளம் எரிந்தால் சாம்பல் கண்ணாடி போல உருகிக் கட்டியாகும், புகைக்குழாயில் தூள் அப்பிக்கொள்ளும். தினமும் காலையில் அவன் அந்த அடுப்பின் முன் மண்டியிட்டு உளியால் கொத்த வேண்டும் என்பதே என் எண்ணம். வேறு எண்ணம் இல்லை என்று எழுதச் சொன்னேன். பிறகு, எழுதினாலும் எழுதாவிட்டாலும் ஒன்றுதான் என்றும் சொன்னேன்.

அதன் பிறகு ஜனவரி 14 அன்று ஐல்வா ஒரு வாளி நிறையச் சாம்பல்கட்டிகளுடன் என் வீட்டுக்கு வந்தார். "பாத்தீங்களா ஓரின், அடுப்பு தினம் முட்டை போடுது. கோழியா இருந்தா பொரிச்சாவது தின்னிருப்போம்" என்றார். "ஒரு நாளைக்கு நாலு தடவை அணைஞ்சு போகுது. உங்க கோவத்தக் கழட்டி இங்க ஆணியில மாட்டிட்டு ஒரு மணி நேரம் வந்து பாருங்க. திரும்பி வந்து மாட்டிக்கலாம், யாரும் தூக்கிட்டுப் போக மாட்டாங்க."

16-ஆம் தேதி சனிக்கிழமை மதியம் போனேன். அடுப்பைக் குளிரவைத்து எரிகலத்தைச் சுரண்டினேன், விசிறியைக் கழற்றித் துடைத்தேன், கதவிடுக்கில் ஒரு டாலர் தாளை வைத்து மூடி இழுத்துப் பார்த்தேன், தாள் வரவில்லை, காற்றுக் கசிவு இல்லை. புகைக்குழாயைத் தட்டியதும் அரை வாளித் தூள் கொட்டியது. டெல்மர் விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றான். ஆறு வருடத்துக்குப் பிறகு அவன் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "சோளம் சரிதானே அண்ணே?" என்பது.

"கதவுல எழுதியிருக்கு இல்ல?"

"எழுதியிருக்கு."

"அப்புறம் என்ன?"

அதன் பிறகு பக்கத் தகட்டைத் திறந்தேன். புகை வெளியேறாமல் அடைத்தால் சோளம் விழுவதை நிறுத்தும் சிறிய சுவிட்சைக் காட்டினேன். "அப்போ இந்தச் சனியன்தான் நிறுத்துதா?" என்றான். "இதுல கை வெக்காதே, வெச்சா செத்துப்போவே" என்றேன். ஐல்வா காபியும் உருளைக்கிழங்கு ரொட்டியும் கொடுத்தார். சாப்பிட்டுவிட்டு வந்தேன். சோளத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

திங்கட்கிழமை ஐல்வாவுக்குக் காய்ச்சல். வெளியே மைனஸ் இருபத்தெட்டு டிகிரி. அடுப்பு மறுபடியும் அணைந்துகொண்டே இருந்ததால், தான் தொழுவத்தில் இருக்கும் நேரம் அவர் குளிரில் கிடக்கக் கூடாது என்று டெல்மர் அந்தச் சுவிட்ச் வேலை செய்யாதபடி அதன் இரண்டு கம்பிகளையும் சேர்த்து முறுக்கிவிட்டான். இது அவனே உங்களிடம் சொன்னது.

மறுநாள் 19-ஆம் தேதி காலை பத்து மணிக்கு எனக்குப் போன் செய்தான். நான் போனபோது அவரைப் பனியில் இழுத்துப் போட்டு நெஞ்சை அழுத்திக்கொண்டிருந்தான். அவர் கன்னங்கள் சிவந்து, நல்ல உடல்நலத்தோடு இருப்பவர் போலத் தெரிந்தார். காலில் டெல்மரின் கம்பளிக் காலுறைகள் இருந்தன. குழாய் அடைத்த பிறகும் அடுப்பு எரிந்து, வாயு கீழ்த்தளம் முழுவதும் பரவியிருந்தது. விஷவாயு எச்சரிக்கைக் கருவி மாடியில், மூடிய கதவுக்குப் பின்னால் இருந்தது.

அன்று மாலை குதிர்க் கதவில் எழுதியிருந்த 13-ஐ ஈரத்துணியால் துடைத்தேன். மறுநாள் உங்கள் ஆய்வாளர் அடுப்பின் மேல்தொட்டியிலிருந்து சோளம் எடுத்துப் போனார். அடுப்புச் சூட்டில் அது காய்ந்திருந்தது. சோளத்தில் குறையில்லை என்று அறிக்கை வந்திருக்கிறது. என் வாய்ச்சொல்லைத் தவிர இதற்கு வேறு சாட்சி இல்லை.

சனிக்கிழமை அடக்கம். தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் எல்லோரும் சாப்பிடும்போது டெல்மர் என் தோளைப் பிடித்துக்கொண்டு, "எங்க அண்ணன் அன்னிக்கே சொன்னாரு, கை வெக்காதேன்னு. நான்தான் கேக்கல" என்றான். போதகர் வந்து என் கையைக் குலுக்கினார். அதன் பிறகு பாத்திரம் கழுவும் இடத்தில் டெல்மர், "அந்த வீட்ல தனியா இருக்க முடியல. வந்துரு அண்ணே. அது எப்பவுமே உன் வீடுதான், அப்பாவுக்குத்தான் புரியல" என்றான்.

ஞாயிறு அன்று என் பெட்டிகளைக் கொண்டுபோனேன். எங்கள் தந்தையின் அறையை எனக்கு ஒழித்துக் கொடுத்தான். நேற்று அரசு வழக்கறிஞரின் கடிதம் வந்தது. கவனக்குறைவால் மனைவியின் மரணத்துக்குக் காரணமானதாக அவன் மீது வழக்கு. படித்துவிட்டு, "ஒத்துக்கப்போறேன். வேற யார் செஞ்சா?" என்றான். நான் எதிரே உட்கார்ந்து சூப் குடித்துக்கொண்டிருந்தேன்.

வீட்டை எனக்குத் தராதது அநியாயம் என்றே இன்றும் நினைக்கிறேன். நான் இங்கே வந்தது டெல்மருக்குத் தெரியாது. இதை அவனிடம் வேறு யாராவது சொல்ல முடியுமா என்று கேட்டேன். அது ஷெரீஃப் அலுவலகத்தின் வேலை இல்லை என்று துணை ஷெரீஃப் சொன்னார்.

எழுதியது எனக்கு வாசித்துக் காட்டப்பட்டது. திருத்த ஒன்றும் இல்லை. எல்லாம் நடந்தபடியே இருக்கிறது.

(ஒப்பம்) ஓரின் ஹால்வர் த்வெய்ட்