பன்னிரண்டு ரோஜாக்கள்

ரோஜாவை வெயில் ஏறுவதற்கு முன்பே வெட்டிவிட வேண்டும், மாப்பிள்ளை. காம்பைச் சாய்வாக நறுக்கி, கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டு, கழுத்துவரை தண்ணீரில் நிறுத்தி நிழலில் வைத்தால் சட்டென்று வாடாது. மயிலாப்பூரில் இந்தப் பக்குவம் என்னைப் போல் யாருக்கும் வராது என்று எனக்கு ஒரு பேர். அந்தப் பேரைக் காப்பாற்றப் போய்ச் செய்ததைத்தான் எழுதுகிறேன்.

"ஜானுவை மன்னி தாயாக இருந்து பார்த்துக்கொண்டார்" என்று ரங்கூனிலிருந்து நீங்கள் எழுதிய கடிதத்தை உங்கள் மைத்துனர் கூடத்தில் உரக்கப் படித்தார். என்னால் தலை நிமிர முடியவில்லை.

மாசியிலேயே வெயில் கொளுத்தியது. ஜானுவுக்கு டைபாய்டு, மூன்றாவது வாரம். தலையில் ஐஸ் வைத்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். தங்கைக்காக இவர் தினமும் ஐஸுக்கு ஏற்பாடு செய்திருந்தார். அந்தச் சனிக்கிழமை இவர் ஊரில் இல்லை. மாலை நாலு மணிக்கு மாதர் சங்கத்தின் பூக்காட்சி. இரண்டு வருஷமாக எனக்கு இரண்டாம் பரிசுதான். விடிந்ததும் பன்னிரண்டு ரோஜாக்களை வெட்டி வைத்தேன். பத்து மணிக்கே இதழ்கள் தளர ஆரம்பித்தன.

அப்போது தினமும் ஐஸ் கொண்டுவரும் அம்மாசி கட்டியைச் சாக்கில் சுற்றிச் சுமந்துகொண்டு வந்தான்.

"வெயில்ல கரைஞ்சிக்கினே கீதும்மா. சீக்கிரம் சின்னம்மா தலைக்கு வெச்சிடு," என்றான்.

ஒரு சில்லு மட்டும் ரோஜாக்கள் நின்ற தண்ணீரில் போடலாம் என்றுதான் நினைத்தேன். போட்டதும் இதழ்கள் அப்படியே நின்றன. பாதிக் கட்டியைப் போட்டேன். மீதியை, போகும்போது வண்டியில் வேண்டியிருக்கும் என்று கொல்லையில் மரத்தூளுக்குள் புதைத்து வைத்தேன்.

உள்ளே போய் ஜானுவின் நெற்றியில் ஈரத்துணியைப் போட்டேன்.

"மன்னி, தலை வெடிக்கறது. ஐஸ் வந்துடுத்தா?"

"இன்னிக்கு வரலைடி. சாயங்காலம் வந்துடும். செத்த பொறுத்துக்கோ."

"சரி. நீங்க நாழியாக்காதேங்கோ. பூவெல்லாம் வாடிடப்போறது," என்றாள்.

வேலைக்காரி கோவிந்தம்மாவிடம் துணியை மாற்றிக்கொண்டே இருக்கச் சொல்லிவிட்டு மூன்று மணிக்குக் கிளம்பினேன். ரோஜாக்கள் கல் மாதிரி நின்றதால் வண்டிக்கு ஐஸ் எடுத்துப் போகவில்லை. முதல் பரிசு கிடைத்தது. திரும்பி வந்தபோது வாசல் நிறையச் செருப்புகள். மூன்றரைக்கு ஜன்னி கண்டதாம். ஐந்து மணிக்கு முடிந்துவிட்டது.

இந்த ஜுரத்தில் இப்படி ஆவதுண்டு, யாரையும் குறை சொல்வதற்கில்லை என்றார் டாக்டர். அதையே இத்தனை மாதமும் பிடித்துக்கொண்டிருந்தேன். ஐஸ் வைத்திருந்தாலும் அவள் போயிருப்பாள் என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். இருக்கலாம்.

ஆனால் அன்று நான் முதலில் ஜானுவிடம் போகவில்லை. பக்கவழியாகக் கொல்லைக்குப் போனேன். மரத்தூளுக்குள் தேங்காய் அளவு ஐஸ் இன்னும் இருந்தது. கிணற்றடியில் வைத்து, அது கரைகிற வரைக்கும் வாளி வாளியாகத் தண்ணீர் இறைத்து ஊற்றினேன். கையைத் துடைத்துக்கொண்டு, அதன் பிறகுதான் உள்ளே போய் அழுதேன்.