நிலைக்கட்டணம் இல்லாத வீடு

தேநீர் வேண்டாம், நன்றி. நான் தேநீர் குடிப்பது குறைவு. குடித்தாலும் ஒரு கோப்பைக்கு வேண்டிய தண்ணீரை மட்டும்தான் கெட்டிலில் ஊற்றுவேன்.

வரிசையாகச் சொல்லப் பார்க்கிறேன். நடுவில் தடுமாறினால் பொறுத்துக்கொள்ளுங்கள். நான் சொல்வது சரிதானா என்று எனக்கே அடிக்கடி சந்தேகம் வரும்.

சவுத் ஷீல்ட்ஸில் எங்கள் தெரு வீடுகளை நீங்கள் பார்த்திருப்பீர்கள், வடகிழக்கு இங்கிலாந்துக்கே உரிய வகை. அடுத்தடுத்து இரண்டு கதவுகள். ஒன்று கீழ்வீட்டுக்கு, ஒன்று மாடிக்கு. மாடியில் நான். என்னுடையது ரீசார்ஜ் மீட்டர், முன்பணம் போட்டால்தான் மின்சாரம். விளக்கே போடாவிட்டாலும் அன்றைய நிலைக்கட்டணம் தானாகக் கழிந்துவிடும். கோடையில் அம்மா வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்பியபோது, பூட்டிக் கிடந்த வீடு நான் போட்டுவைத்திருந்த பணத்தையெல்லாம் தின்றுவிட்டிருந்தது. வீட்டில் வெந்நீர் நீச்சல்குளம் வைத்திருப்பவனுக்கும் அதே கட்டணம், இரண்டு விளக்கு எரிக்கும் எனக்கும் அதே கட்டணம். இது நியாயம் என்று யாராவது விளக்கியிருந்தால் ஏற்றுக்கொள்ளத் தயாராகத்தான் இருந்தேன்.

கீழ்வீட்டில் லொரைன் பிளென்கின்சாப் என்ற பெண்மணி. மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் வேலை பார்த்தவர். நுரையீரல் கெட்டுப்போய் வேலையை விட்டுவிட்டார். அவருடைய ஆக்சிஜன் இயந்திரம் இரவும் பகலும் ஓடும். மூக்கில் குழாயை மாட்டிக்கொண்டே கதவைத் திறப்பார். நிலைக்கட்டணத்தை ஒழிக்கச் சொல்லும் மனுவில் கையெழுத்து வாங்க நான் போனபோதும் அப்படித்தான் வந்து நின்றார்.

"அதை எடுத்துட்டா கம்பெனிக்காரன் சும்மா இருப்பானா கண்ணு?" என்றார். "யூனிட் விலையில ஏத்துவான். ரெண்டு பல்பு எரிக்கிற ஒனக்குக் கொண்டாட்டம். நான் மூச்சு விடுறதே யூனிட் கணக்குலதான். ஒன் மனுவைக் கொண்டுபோய் அடுப்புல போடு."

அன்று முழுக்க அதை யோசித்தேன். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. என் நியாயம் மாடியில், அவர் நியாயம் கீழே. இரண்டுக்கும் பொதுவாக ஒரு வழி இருக்கத்தானே வேண்டும்? ஒரே மீட்டரில் இரண்டு வீடும் ஓடினால் ஒரு நிலைக்கட்டணம் மிச்சம்.

மாலை வகுப்பில் நான் வயரிங் படிக்கிறேன். இப்படிச் செய்யலாமா என்று பொதுவாகக் கேட்பதுபோல ஆசிரியர் பர்விஸிடம் கேட்டேன். "சட்டப்படி தப்பு. அதுபோக, கீழ இருக்கறவங்க கழுத்து ஒங் கையில இருக்குமே தம்பி," என்றார். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். இருந்தாலும் அவர் சரியாக யோசிக்கவில்லை என்றே தோன்றியது.

லொரைனுக்கும் பணமுடைதான். தயங்கித் தயங்கிக் கடைசியில் ஒத்துக்கொண்டார். கீழ்வீடு காலியாகிவிட்டது என்று மின் நிறுவனத்துக்கு நான் சொன்னேன். வந்த ஆள் மீட்டரைக் கழற்றிக்கொண்டு போகும்வரை லொரைன் என் வீட்டு மாடிப்படியில், ஒரு சின்ன ஆக்சிஜன் சிலிண்டரை மடியில் வைத்துக்கொண்டு, பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்ட பிள்ளைபோலச் சிரித்தபடி உட்கார்ந்திருந்தார். பிறகு என் மீட்டரிலிருந்து தடிமனான வயர் ஒன்றைக் கீழே இறக்கினேன். மீட்டரில் பணம் போடுவது நான், அவர் பங்கை என் கையில் தருவார். நல்ல வேலை. வேண்டுமானால் யாரையாவது அனுப்பிச் சோதித்துப் பாருங்கள்.

ஒன்றை மட்டும் அப்போது நான் கவனிக்கவில்லை. இயந்திரத்தை நம்பி உயிர் வாழ்பவர் என்று லொரைனின் பெயர் நிறுவனத்தின் காப்புப் பட்டியலில் இருந்தது. பாக்கி வைத்தாலும் அவர் வீட்டு மின்சாரத்தை நிறுத்தமாட்டார்கள். வீடு காலி என்றதும் அந்தப் பெயரை எடுத்துவிட்டார்கள். என் மீட்டருக்கு அவரைத் தெரியாது. இதையெல்லாம் நான் பிறகுதான் தெரிந்துகொண்டேன். அதை அவரிடம் சொல்லிக் கலவரப்படுத்த வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

முதலில் எல்லாம் நன்றாக இருந்தது. குளிர் வந்ததும் அவர் ஹீட்டரை அதிகம் போட்டார். நான் கீழே போய்ப் பணிவாகச் சொல்வேன்: போர்வை போர்த்திக்கொள்ளலாம், இரண்டாவது கெட்டில் தேவையா என்று. கத்தியதே இல்லை.

"வந்துட்டாருய்யா மேலோகத்து மகாராசா," என்பார். "கீரன், ஒண்ணு கேக்கறேன். நான் கொட்டாவி விடலாமா, அதுக்கும் யூனிட் உண்டா?"

கிறிஸ்துமஸுக்கு முன்னால் என்னிடம் சொல்லாமல் நிறுவனத்துக்குப் போன் செய்திருக்கிறார். வாசலில் என்னைப் பிடித்து நிறுத்தினார். "அந்த விலாசத்துல யாருமே இல்லைன்னுட்டா அந்தப் பொண்ணு. நான்தானம்மா இருக்கேன்னு சொன்னா, நம்பமாட்டேங்குறா. உசுரோட இருக்கேன்னு நிரூபிக்க ஒரு மணி நேரம் ஆச்சுடா. லீவு முடிஞ்சதும் ஆள் வர்றான். எனக்கு எம் மீட்டர் வேணும். வயர் யார் போட்டதுன்னு கேட்டா, ஒளிக்கமாட்டேன்."

என் நிலைமையையும் பாருங்கள். வகுப்பிலிருந்து நீக்கிவிடுவார்கள், வழக்கு வரும். அதைவிட, ஒரு நல்ல ஏற்பாடு ஒருவருடைய பிடிவாதத்தால் வீணாகும். நாள் நெருங்க நெருங்க, நான்தான் மாட்டிக்கொண்டவன் என்று தோன்றியது. அவருக்காவது வெளியேற வழி இருந்தது.

விடுமுறை நாட்களில் பணம் தீர்ந்தாலும் மீட்டர் மின்சாரத்தை நிறுத்தாது. இங்கே ரீசார்ஜ் மீட்டர் வைத்திருக்கும் எல்லோருக்கும் தெரிந்த சலுகை. அந்தத் தைரியத்தில் லொரைன் ஹீட்டரை முழுசாகப் போட்டார். விடுமுறை முடிந்த முதல் வேலைநாள் காலையில்தான் மீட்டர் கணக்குத் தீர்க்கும்; பணம் இல்லையென்றால் நிறுத்திவிடும்.

அன்று காலை அது நிறுத்துவதற்கு முன்பே கீழே போனேன். என் போனில் ரீசார்ஜ் பக்கம் திறந்தே இருந்தது, காட்டினேன். ஆள் வர வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், இதை இப்போதே அழுத்துகிறேன் என்றேன்.

"எம் மூச்சுக்கு நான் ஒங்கிட்டக் கையேந்தணுமா?" என்றார். "போடா மேல. ஒங்கம்மா பாத்தா வெக்கப்படுவா."

போனேன். சற்று நேரத்தில் மின்சாரம் நின்றது. எனக்கும்தான் நின்றது என்பதை வாக்குமூலத்தில் நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும். அதே அரையிருட்டில், அதே குளிரில் நானும் உட்கார்ந்திருந்தேன். அவருடைய தொலைபேசி மின்சாரம் இருந்தால்தான் வேலை செய்யும் என்பது தெரியும். மாற்று ஆக்சிஜன் சிலிண்டர் பின்கட்டுக் கொட்டகையில் இருந்தது. வயருக்கு இடைஞ்சலாக இருந்ததால் நான்தான் அங்கே வைத்தேன். குழாய் இல்லாமல் கட்டிலிலிருந்து சமையலறை வரைகூட அவரால் நடக்க முடியாது. அதுவும் தெரியும். தெரியுமா என்று நீங்கள் இரண்டு முறை கேட்டுவிட்டீர்கள். தெரியும்.

துடைப்பக் கட்டையால் கீழேயிருந்து என் தரையில் தட்டினார். முதலில் கோபமாகத் தட்டுவதுபோல இருந்தது. பிறகு இடைவெளி விட்டு விட்டு. கோபத்தில் தட்டுகிறவருக்குப் பணிந்துபோனால் ஏற்பாடு என்பதற்கே அர்த்தம் இல்லை என்று நினைத்தேன். விரல் திரையின் மேல்தான் இருந்தது. சரி என்று ஒரு வார்த்தை கீழேயிருந்து கேட்கட்டும் என்று காத்திருந்தேன்.

தட்டுவது நின்றது. ஒத்துக்கொண்டுவிட்டார் என்று எடுத்துக்கொண்டேன். கொஞ்சம் பொறுத்து, உறுதி செய்துகொண்டு, அழுத்தினேன். கீழே இயந்திரம் மறுபடி ஓடும் சத்தம் தெளிவாகக் கேட்டது. அவர் நன்றி என்று ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்று அப்போது எனக்கு வருத்தமாகக்கூட இருந்தது.