டிவி சொன்ன சேனல்

"அந்தப் பொம்பளை சொல்லித்தான் தெரிஞ்சுது, இத்தனை நாளா நீ என்கிட்டப் பொய் சொல்லியிருக்கன்னு."

மைசூர் டவுன் பஸ்ஸில் எனக்குப் பின் சீட்டிலிருந்து வந்தது இந்தப் பேச்சு. திரும்பிப் பார்த்தால், மடக்கிய வெள்ளைக் கோலை மடியில் வைத்துக்கொண்டு ஒருவர். பக்கத்தில் அவர் மனைவி.

"பொம்பளைன்னு சொல்லாதீங்க, டிவின்னு சொல்லுங்க. பஸ்ஸே நம்மளத்தான் பாக்குது."

"சரி, டிவி. இப்ப பட்டனை அமுக்கினா சேனல் பேரைச் சொல்லுது. பையன் அந்தப் பேசுற வசதியை ஆன் பண்ணிக் குடுத்துட்டுப் போனான், நானே ஒவ்வொண்ணா தள்ளிக்கிட்டுப் போனேன். கிரிக்கெட் சேனல் அங்கேயே இருக்கு! நம்ம கேபிள் பேக்லேர்ந்து அது கட் ஆயிடுச்சுன்னியே ராஜி? கமென்ட்ரியாவது கேட்டிருப்பேன்ல?"

"உங்க பிபிக்காகத்தான் சொன்னேன். மேட்ச் வந்தா என்ன கூச்சல் போடுவீங்க!"

"ஒள்ளே கதை! நல்லாத்தான் கதை விடுற!"

"சரி, என் சீரியலும் அதே நேரத்துலதான் வருது. போதுமா? ஆயித்து, விடுங்க."

அவர் சிரிக்கத்தான் ஆரம்பித்தார். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

"நீ சொல்றதை வெச்சுத்தான் எனக்கு எல்லாமே. இன்னும் என்னென்ன கட் ஆயிருக்கு ராஜி?"

அந்த அம்மா ஜன்னல் பக்கம் திரும்பி வெளியே பார்த்தார். "எழுந்திரிங்க, அக்ரஹாரம் வந்துடுச்சு" என்றார்.

அவர் எழவில்லை. இது அக்ரஹாரம்தானா என்று பஸ்ஸில் இருந்தவர்களிடம் பொதுவாக, கன்னடத்தில், சத்தமாகக் கேட்டார்.

"ஹௌது சார்" என்று நாலைந்து பேர் ஆமோதித்தார்கள்.

அதற்குப் பிறகுதான் மனைவியின் தோளைத் தேடிக் கை வைத்தார்.