தென்மேற்கு மூலைப் பள்ளம்

பிளானோவில் இந்தியன் ஸ்டோர் பில்லிங் வரிசை. எனக்கு முன்னால் இரண்டு பெண்கள்.

"வாஸ்துக்காக மண்ணைக் கொட்டினோம்கா, ஃபெடரல் ஆபீஸ்லேர்ந்து லெட்டர் வந்துடுச்சு."

கறிவேப்பிலையோடு நின்ற மூத்தவர் திரும்பினார். "என்ன சொல்ற?"

"தென்மேற்குல பள்ளம் ஆகாதுன்னு மாமியார் ஃபோன்ல சொன்னாங்க. பேக்யார்டுல, பின்னால ஓடுற க்ரீக் ஓரமா சதுப்பா இருந்த இடத்தை மூடிட்டோம். சொந்த இடமா இருந்தாலும் சதுப்பை மூட பர்மிட் வேணும்னு தெரியாது."

"ஃபைன் போட்டாங்களா?"

"அதுக்குத்தான் பயந்தோம். வந்த ஆபீசர் பொறுமையா பேசினார். மண்ணை எடுத்துட்டு, பழையபடி கோரை நட்டா போதும்னார். நட்டாச்சு."

"மாமியார் ஒத்துக்கிட்டாங்களா?"

"நேத்து வீடியோ கால்ல காட்டினேன். பள்ளத்துல ஒரு கொக்கு நின்னுச்சு. மூலையைப் பத்திப் பேச்சே இல்லக்கா. அதுக்கு அங்க மீன் கிடைக்குதான்னுதான் கேட்டாங்க."