மேல்மாடி நர்ஸ்

ராத்திரி ஒன்றரை மணி. ஆஸ்பத்திரியின் பழைய கட்டடத்திலிருந்து புதுக் கட்டடத்துக்குப் போகிற நீளப் பாதை. மேலே தகரக் கூரை, இரண்டு பக்கமும் இருட்டு. ஒரு ஈ காக்கா கிடையாது...

சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்து முடித்துவிடுங்கள். இது என் சிநேகிதியின் சித்திக்கு நடந்தது. வீட்டில் அவளைச் சின்னவள் என்பார்கள். அவளுடைய ஓரகத்தி பெரியவள்.

சின்னவள் கையில் பிளாஸ்க். வெந்நீர் புதுக் கட்டடத்தின் மேல்மாடியில்தான் வரும். போகும்போதே வயிறெல்லாம் எரிச்சல். எரியாமல் என்ன செய்யும்? இவர்களின் புருஷன்மார், அண்ணன் தம்பி இரண்டு பேரும், ஒரே சாரத்தில் நின்று சுவருக்குப் பெயின்ட் அடித்தவர்கள். சாரம் சரிந்து ஒன்றாகத்தான் விழுந்தார்கள். ஆனால் பெரியவன் கம்பெனி ஆள். செலவைக் கம்பெனி பார்த்துக்கொண்டது, மேல்மாடியில் ஏசி அறை. சின்னவன் கான்ட்ராக்ட் ஆள். பழைய கட்டடத்தில், இரண்டு கட்டில்களுக்கு நடுவே தரையில் பாய். கால் முறிந்து கிடந்தவனுக்குக் காய்ச்சல் வேறு ஏறிக்கொண்டே போனது. டாக்டர் காலையில் ஒரு தடவை எட்டிப் பார்ப்பார், அவ்வளவுதான். ராத்திரியில் நர்ஸைக் கூப்பிட்டால் "வரேன், வரேன்" என்று குரல் மட்டும் வரும்.

இந்த லட்சணத்தில் பெரியவள் சாயங்காலம் வந்து, "அந்த ஏசி எனக்கு ஒத்துக்கவே மாட்டேங்குதுடி, ஒரே சளி" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தாள். சொல்கிற இடமா அது? சின்னவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பிளாஸ்க்கை நிரப்பினாள். கால் தன்னால் பெரியவன் அறைப் பக்கம் போனது. கதவு ஒருக்களித்திருந்தது. பெரியவள் சோபாவில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு குறட்டை விட்டாள். துணைக்கு வந்தவளுக்குக்கூட சோபா! கட்டிலின் தலைமாட்டில்... ஒரு நர்ஸ். கஞ்சி போட்ட வெள்ளை உடுப்பு. பெரியவனின் நெற்றியில் கை வைத்துக் குனிந்து நின்றாள். அசைவே இல்லை. மருந்து நெடியும் இல்லை. மழையில் ஊறிய சுண்ணாம்பு வாசனை...

முந்தின இரண்டு ராத்திரியும் இதே நர்ஸ் இதே இடத்தில் நின்றதைச் சின்னவள் பார்த்திருந்தாள். பெரியவன் விழுந்ததிலிருந்து கண்ணே திறக்கவில்லை, மூச்சும் நாளுக்கு நாள் இளைத்துக்கொண்டு வருகிறது. அதெல்லாம் அவள் கண்ணில் படவில்லை. அந்தக் கைதான் பட்டது. ராத்திரி பூரா ஒருத்தி பக்கத்திலேயே நின்று நெற்றியைப் பிடித்துக்கொள்ள, இவர்களுக்கு மட்டும் கொடுத்துவைத்திருக்கிறது!

பொறுக்க முடியவில்லை. வாசலில் நின்றே கூப்பிட்டாள்.

"சிஸ்டர்... எங்க வீட்டுக்காரரையும் ஒரு தடவை வந்து பாருங்க. அவரும் இவரும் ஒரே வயித்துல பொறந்தவங்கதான்."

நர்ஸ் மெல்லத் தலையைத் திருப்பினாள்.

"என்னையா கூப்பிடுற?"

"உங்களைத்தான்."

"நீயாத்தான் கூப்பிடுறியா?"

"நானாத்தான் கூப்பிடுறேன். வாங்க சிஸ்டர், புண்ணியமாப் போகும்."

நர்ஸ் நெற்றியிலிருந்து கையை எடுத்தாள்.

திரும்பி வரும்போது நீளப் பாதையில் சளக்... சளக்... என்று ஒரு ஜோடிச் செருப்புச் சத்தம்தான் கேட்டது. மேல்மாடி நர்ஸுக்கு மெத்தென்ற ஷூ கொடுத்திருப்பார்கள் என்று சின்னவள் நினைத்துக்கொண்டாள். அதிலும் ஒரு பொறாமை.

வார்டில் பக்கத்துக் கட்டில்காரரின் மனைவி விழித்திருந்தாள். "அடேங்கப்பா, உங்களுக்கு மட்டும் தனி நர்ஸா? நான் கத்திக் கத்தித் தொண்டையே வத்திப்போச்சு."

சின்னவளுக்குத் தலைகால் புரியவில்லை. தன்னைப் பார்த்தும் ஒருத்தி பொறாமைப்படுகிறாள்! "மேல சொல்லிவெச்சிருக்கேன்" என்றாள்.

நர்ஸ் தரையில் மண்டியிட்டுச் சின்னவனின் நெற்றியில் கை வைத்தாள். முனகல் நின்றது. கொதித்த உடம்பு ஆற ஆரம்பித்தது. "பாத்தீங்களா?" என்று பக்கத்துக் கட்டில்காரியைப் பார்த்துச் சொல்லிவிட்டு, சின்னவள் சுவரில் சாய்ந்து நிம்மதியாகக் கண்ணயர்ந்தாள்.

வார்டைக் கழுவ வந்தவளின் வாளிச் சத்தத்தில் விழித்தாள். நர்ஸ் இல்லை. புருஷன் சில்லிட்டுப்போயிருந்தான்.

காய்ச்சல் முற்றிவிட்டது, முன்னாடியே யாராவது பார்த்திருந்தால் பிழைத்திருப்பான் என்றார் டாக்டர். அவரை என்ன செய்ய, சொல்லுங்கள்?

அன்று சாயங்காலம் பெரியவன் கண் திறந்தான். தம்பியையும் சின்னவளையும் பார்த்தே ஆக வேண்டும் என்று அடம்பிடித்தான். அவன் தாங்கமாட்டான், எதையும் சொல்லக்கூடாது என்று மேல்மாடி டாக்டரின் உத்தரவு. சின்னவளின் முகத்தைக் கழுவிவிட்டு, அழாதே அழாதே என்று சொல்லித்தான் கூட்டிப்போனார்கள். அவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டான்.

"ஒருத்தி தலைமாட்டுலயே நின்னு நெத்திய அழுத்திக்கிட்டு இருந்தாம்மா... மூச்சே விட முடியல. நேத்து ராத்திரி யாரோ ஒரு பொம்பள வாசல்ல நின்னு அவளைக் கூப்பிட்டா. அப்பத்தான் கைய எடுத்தா. யாரு பெத்த மகராசியோ... புருஷன் பிள்ளையோட நூறு வருஷம் நல்லா இருக்கணும்."