அம்மா கூப்பிடவில்லை

பெயர்: மார்க்கண்டு தர்சிகா. வயது: 46. திருமணமாகாதவர். தொழில்: யாழ்ப்பாணம் திருநெல்வேலியில் உள்ள தனியார் மருந்தகம் ஒன்றில் மருந்து வழங்குபவர். முகவரி: உரும்பிராய் தெற்கு, உரும்பிராய். சமயம்: சைவம். இறந்தவருக்கு உறவுமுறை: மகள். உப பொலிஸ் பரிசோதகர் கிறிஸ்ரோபர் முன்னிலையில் தமிழில் சொல்லி, அவரால் எழுதப்பட்டது.

மேற்சொன்ன முகவரியில் நான் பிறந்த நாள் முதல் வசித்து வருகிறேன். இறந்துபோன மார்க்கண்டு கமலாவதி, வயது 77, என் தாய். தந்தை முன்பே காலமாகிவிட்டார். எனக்கு ஒரே ஒரு அண்ணன், பெயர் கிருஷாந், கனடாவில் குடும்பத்துடன் இருக்கிறார். அம்மாவின் மரணம் தொடர்பாக அன்னபாக்கியம் முதியோர் பராமரிப்பு இல்லத்தின் மீதும், அங்கே பணிப்பெண்ணாக இருந்த ஜெனிற்றா மீதும் முறைப்பாடு அனுப்பியிருப்பவர் அவர்தான். நான் முறைப்பாடு செய்யவில்லை. அம்மாவின் கட்டிலருகே இருந்த, ஆளைக் கூப்பிடும் மணியை எடுத்து வைத்தபோது நானும் அங்கே நின்றதாக ஜெனிற்றா சொன்னதால் என்னை அழைத்திருக்கிறார்கள்.

கடந்த வருடம் தைப்பொங்கல் கழிந்த கிழமை அம்மாவுக்குப் பாரிசவாதம் வந்து இடது கையும் காலும் பலமிழந்தன. குரலும் தாழ்ந்துபோயிற்று. குனிந்து காதைக் கொடுத்தால்தான் அவர் சொல்வது விளங்கும். முன்பு எங்கள் படலையில் நின்று மீன்காரனோடு பேரம் பேசினால் ஒழுங்கை முழுக்கக் கேட்கும், அப்படி இருந்த மனுசி. அதன்பின் நான் வேலைக்குப் போகும் நேரத்தில் பார்த்துக்கொள்ள ஆள் வைத்தேன், வந்தவர்கள் நிலைக்கவில்லை. ஒருநாள் நான் வேலை முடிந்து வந்தபோது அம்மா குளியலறை வாசலில் எழும்ப முடியாமல் இருந்தார், உடுப்பெல்லாம் நனைந்திருந்தது, என்னைக் கண்டதும் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டார். அதன்பின்தான் இல்லம் தேடத் தொடங்கினேன். பெற்ற தாயைக் கொண்டுபோய்த் தள்ளிவிட்டாள் என்று ஊரில் கதைத்தார்கள். கதைத்தவர்களில் ஒருவராவது ஒரு பின்னேரம் வந்து அம்மாவோடு இருந்ததில்லை. இதையும் எழுதச் சொன்னேன்.

அண்ணன், இல்லம் தெரிவு செய்யும்போது கேட்க வேண்டிய கேள்விகள் என்று கனடாவில் இருந்து வட்ஸ்அப்பில் நிறைய அனுப்பினார். தீப்பிடித்தால் கூரையில் இருந்து தானாகத் தண்ணீர் சொரியுமா என்று ஒரு கேள்வி. சொரிவதற்கு முதலில் தாங்கியில் தண்ணீர் இருக்க வேண்டும் அண்ணை என்று பதில் போட்டேன். நான் என் முறையில் பார்த்தேன். முதலில் போன இடத்தில் வாசலிலேயே பினாயில் மணம் மூக்கில் அடித்தது. பட்டப்பகலில் இத்தனை பினாயில் ஊற்றுகிறவர்கள் வேறு ஏதோ மணத்தை மறைக்கிறார்கள் என்று திரும்பி வந்துவிட்டேன். அடுத்த இடத்தில் எல்லோருடைய குளிசைகளும் ஒரே தட்டில் கிடந்தன. மருந்தகத்தில் நிற்கிற எனக்கு அதற்குமேல் அங்கே பார்க்க ஒன்றும் இருக்கவில்லை.

அதன்பின் மருதனார்மடத்துக்குப் பின்னால் ஒழுங்கையில் இருக்கும் அன்னபாக்கியத்துக்குப் போனேன். முன்கூட்டிச் சொல்லாமல்தான் போனேன். அதை நடத்துபவர் செல்வநாயகி என்ற ஓய்வுபெற்ற தாதி, எல்லோரும் மிசி என்று கூப்பிடுவார்கள். அவர் என்னைத் தடுக்காமல் சுற்றிப் பார்க்க விட்டார். கழிப்பறைச் சுவரில் பதித்திருந்த கம்பியில் என் பாரம் முழுவதையும் போட்டுத் தொங்கிப் பார்த்தேன், அசையவில்லை. நிலம் காய்ந்திருந்தது. முதியவர்களின் நகங்களைப் பார்த்தேன், வெட்டியிருந்தது. ஒவ்வொருவருக்கும் மருந்து தனித்தனிப் பெட்டியில் இருந்தது. மிசி அங்கால் போன நேரம் பார்த்து, முற்றத்தில் கதிரை போட்டு இருந்த ஒரு ஐயாவிடம், "இஞ்சை உங்களை ஏசுறவையோ?" என்று கேட்டேன். அவர், "ஏசுவினம் பிள்ளை. ஆனால் சாப்பாட்டைத் தந்துபோட்டுத்தான் ஏசுவினம்" என்றார். எனக்கு அந்தப் பதில் பிடித்துக்கொண்டது.

ஒவ்வொரு கட்டிலருகிலும் சின்ன மேசையில் ஒரு பித்தளைக் கைமணி இருந்தது. முன்பு மின்சார மணி பொருத்தியிருந்ததாகவும், மின்சாரம் நின்றால் அது உதவாது என்பதால் யாழ்ப்பாணத்தில் பூசைச் சாமான்கள் விற்கும் கடை ஒன்றில் இவற்றை வாங்கியதாகவும் மிசி சொன்னார். எங்கள் வீடுகளில் சாமியறையில் அடிக்கிற அதே மணி, பிடியில் நந்தி உள்ளது. இந்தப் புத்தி ஒருவருக்கும் வராது என்று நான் மிசியைப் பாராட்டினேன். அதன்பின் அங்கே வெறுமையாக இருந்த கட்டில் ஒன்றில் ஏறிப் படுத்து, மணியை எடுத்து அடித்தேன். ஈரக் கையைச் சட்டையில் துடைத்தபடி ஒரு பெண் ஓடிவந்து, என்னைக் கண்டு திகைத்து, "என்னக்கா, சுகமில்லையோ?" என்று கேட்டாள். அவள்தான் ஜெனிற்றா. அந்த இடத்திலேயே அம்மாவை இங்கே விடுவது என்று முடிவெடுத்தேன்.

அம்மா அங்கே நன்றாகவே இருந்தார். தொடக்கத்தில் மணியைத் தொட வெட்கப்பட்டார், பிறகு பழகிக்கொண்டார். கழிப்பறைக்குப் போக வேண்டும் என்றாலும் தண்ணீர் வேண்டும் என்றாலும் அடிப்பார், ஜெனிற்றா வருவாள். "உங்கடை அம்மா அடிக்கிற அடிக்குக் கோயில் எண்டு நினைச்சு றோட்டிலை போற சனம் உள்ளை வரப்போகுது" என்று ஜெனிற்றா எனக்கு முன்னாலேயே பகிடி பண்ணுவாள், அம்மா வாயைப் பொத்திச் சிரிப்பார். நான் வேலை முடிந்து பெரும்பாலும் அங்கே போய்விட்டுத்தான் வீட்டுக்குப் போவேன்.

கடந்த ஆடி மாதம் என் தந்தையின் தம்பி கதிரவேலு காலமானார். அண்ணன் அம்மாவுக்குச் சொல்ல வேண்டாம் என்றார். எனக்கு அது சரியாகப் படவில்லை. சித்தப்பா என்றால் அம்மாவுக்கு உயிர், கலியாணம் முடித்து வந்தபோது கைக்குழந்தையாக இருந்தவரை வளர்த்தவர் அம்மாதான். செத்தவீடு முடிந்த மறுநாள் பின்னேரம் போய்ச் சொன்னேன். அம்மா சத்தமில்லாமல் நெடுநேரம் அழுதார். அதன்பின் ஜெனிற்றாவைக் கூப்பிடச் சொன்னார். அவள் வந்ததும், "பிள்ளை, உந்த மணியை எடுத்து அங்காலை யன்னலுக்கு மேலை வை. நான் இப்ப தொடக்கூடாது" என்றார். குரல் எட்டாததால் நான்தான் அதைத் திருப்பிச் சொன்னேன். ஜெனிற்றா, "ஏனக்கா?" என்று என்னைக் கேட்டாள். "எங்களுக்குத் துடக்கு ஜெனிற்றா. அம்மா சொல்லுறபடி வையும்" என்றேன்.

பரிசோதகர் தாம் கிறிஸ்தவர் என்றும் இதை விளக்கமாகச் சொல்லும்படியும் கேட்டதால் சொல்கிறேன். எங்கள் குடும்பத்தில் தந்தைவழியில் ஒருவர் இறந்தால் முப்பத்தோராம் நாள் கிரியை முடியும்வரை எல்லோருக்கும் துடக்கு, அதாவது தீட்டு. கோயிலுக்குப் போகமாட்டோம், சாமியறையில் விளக்கேற்றமாட்டோம், பூசைப் பொருள்களைத் தொடமாட்டோம். அம்மா இதில் மிகவும் கண்டிப்பானவர். அந்த மணி அவருக்கு ஆளைக் கூப்பிடும் மணி அல்ல, நந்தி உள்ள பூசை மணி. இத்தனை நாள் கழிப்பறைக்குப் போக அதை அடித்ததற்கே மனதுக்குள் மன்னிப்புக் கேட்டிருப்பார் என்று நினைக்கிறேன். ஜெனிற்றா மணியை எடுத்து, அம்மா கொடுத்த, தோய்த்து உலர்த்திய துணியில் சுற்றி, யன்னலுக்கு மேலிருந்த தட்டில் வைத்தாள். எனக்கும் அது முறையாகத்தான் தெரிந்தது. அப்படியானால் இனி எப்படிக் கூப்பிடுவது என்று அங்கே இருந்த மூவரில் ஒருவரும் கேட்கவில்லை. கம்பியில் தொங்கிப் பார்த்த நானும் கேட்கவில்லை. அண்ணன் அனுப்பிய கேள்விகளிலும் அது இருக்கவில்லை. ஒரு தகரப் பேணியும் கரண்டியும் கொடுத்திருந்தால் போதும். அது எனக்கு, அம்மாவை எரித்துவிட்டுச் சுடலையில் இருந்து ஆண்கள் திரும்பி வந்தபின்தான் தோன்றியது.

அதன்பின் நான் போனபோதெல்லாம் ஜெனிற்றா அம்மாவின் அறையை அடிக்கடி எட்டிப் பார்த்ததைக் கண்டிருக்கிறேன். மற்றவர்களுக்கு மணி கேட்டுப் போனாள், அம்மாவுக்குக் கேளாமலே போனாள். ஒருநாள் என்னிடம், "அம்மா அடக்கிக்கொண்டு கிடக்கிறா அக்கா. நான் கேட்டால்தான் சொல்லுறா" என்றாள். துடக்குக் கழிந்தால் பழையபடி அடிப்பார் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

சம்பவம் நடந்த அன்று நான் மருந்தகத்தில் இருந்தேன். பின்னேரம் மிசி தொலைபேசியில் அழைத்து அம்மா விழுந்துவிட்டார், வைத்தியசாலைக்குக் கொண்டுபோகிறோம் என்றார். இனிச் சொல்வது மிசி சொல்லித் தெரிந்தது, நான் நேரில் கண்டதல்ல. அன்று மற்றப் பணிப்பெண் ஒரு ஐயாவைக் கிளினிக்குக்குக் கூட்டிப் போயிருந்தார். ஜெனிற்றா மட்டுமே நின்றாள். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அம்மா தனியே எழும்பி, சுவரைப் பிடித்துக் கழிப்பறைக்குப் போக முயன்று, கட்டிலுக்கும் கதவுக்கும் நடுவில் விழுந்திருக்கிறார். கட்டில் விளிம்பில் தலை அடிபட்டிருக்கிறது. ஜெனிற்றா தேத்தண்ணி கொண்டு போனபோதுதான் கண்டிருக்கிறாள்.

நான் ஓட்டோ பிடித்து வைத்தியசாலைக்குப் போனேன். அம்மாவுக்கு அப்போது நினைவு இருந்தது. ஜெனிற்றா கட்டிலின் கால்மாட்டில் செருப்பில்லாமல் நின்று அழுதுகொண்டிருந்தாள், அவள் சட்டையில் அம்மாவின் இரத்தம் இருந்தது. தலைக்குள் இரத்தம் கசிகிறது, கொஞ்சம் முந்திக் கொண்டுவந்திருக்கலாம் என்று வைத்தியர் சொன்னார். இரவில் நினைவு தப்பியது. மறுநாள் காலை அம்மா இறந்தார்.

செத்தவீட்டுக்கு ஜெனிற்றா வந்து ஒழுங்கையில் நின்றிருக்கிறாள். எங்கள் உறவினர் யாரோ அவளை ஏசித் துரத்திவிட்டார்கள். சத்தம் எனக்குக் கேட்டது. நான் சவப்பெட்டிக்குப் பக்கத்தில் இருந்தேன், எழும்பிப் போகவில்லை. அதன்பின் இல்லத்தில் அவளை வேலைக்கு வர வேண்டாம் என்று நிறுத்திவிட்டதாக அறிந்தேன்.

இந்த வாக்குமூலத்துக்கு என்னை அழைத்திருப்பதை அறிந்து அண்ணன் தொலைபேசியில் கதைத்தார். தொந்தரவு இல்லாமல் இருக்கத்தான் அவள் மணியை எட்டாத இடத்தில் வைத்தாள் என்று அவர் உறுதியாக நம்புகிறார். "மணியை எடுத்து வைச்சது அவள்தானே? கேட்டால் ஓம் எண்டு மட்டும் சொல்லு. நான் உன்னைப் பொய் சொல்லச் சொல்லேல்லையே" என்றார். அவர் சொல்வது சரி. ஓம் என்பது பொய் இல்லை. அந்த ஒரு சொல்லோடு நான் எழும்பிப் போயிருந்தால் அந்தப் பிள்ளை சிறைக்குப் போயிருக்கும், நானும் உண்மை சொன்னவள் ஆகியிருப்பேன். அதனால்தான் மிச்சத்தையும் சொல்கிறேன். "அப்பிடிச் சொன்னியெண்டால் எங்கடை உறவு இதோடை சரி" என்றும் அண்ணன் சொன்னார். அவர் அந்தரப்படுகிறார். தூரத்தில் இருந்துகொண்டு யாரையாவது கோபிக்காமல் அவரால் இருக்க முடியாது. எனக்கு அவரில் கோபமில்லை, எனக்கு இனி வேறு ஆட்களும் இல்லை.

இல்லம் பாதுகாப்பானதா, கவனிப்பில் குறை இருந்ததா என்று பரிசோதகர் கேட்டார். ஆளணி போதாது, ஒருவர் வெளியே போனால் மற்றவர் தனியே என்பது குறைதான். அதை மிசியிடம் முன்பும் சொல்லியிருக்கிறேன். மற்றும்படி நல்ல இல்லம். இன்றைக்கு இன்னொருவரை அங்கே விடலாமா என்று யாராவது கேட்டால் விடலாம் என்றுதான் சொல்வேன்.

அம்மா நினைவோடு இருந்தபோது ஏதாவது சொன்னாரா என்று பரிசோதகர் கடைசியாகக் கேட்டார். சொன்னார். ஜெனிற்றாவை வெளியே அனுப்பிவிட்டு, நான் அவருடைய வாயோடு காதை வைத்து, "மணிதான் இல்லை. ஏனம்மா கட்டிலிலையாவது தட்டிக் கூப்பிடேல்லை?" என்று கேட்டேன். அதற்கு அம்மா சொன்னதை அப்படியே எழுதும்படி கேட்டுக்கொள்கிறேன்: "விடியத் துடங்கி அந்தப் பிள்ளை பச்சைத் தண்ணியும் குடிக்கேல்லை. சாப்பிட்டிட்டு வாறன் அம்மா எண்டு சொல்லிப்போட்டுப் போனவள். சோத்துக் கோப்பையிலை கை வைச்சவளை என்னெண்டு எழுப்புறது?"

இதை நான் அண்ணனுக்கு இன்னும் சொல்லவில்லை. ஜெனிற்றாவுக்கும் சொல்லவில்லை, அவளுக்குச் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

எழுதியது முழுவதும் எனக்கு வாசித்துக் காட்டப்பட்டது. நான் சொன்னபடியே இருக்கிறது, கூட்டவோ வெட்டவோ எதுவும் இல்லை. யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் இது உண்மை என்று ஏற்று என் கையொப்பத்தை இடுகிறேன்.

(ஒப்பம்) மா. தர்சிகா