தாளக்காரியின் பின்னக் கணக்கு

அவைக்கு அழகு சேர்க்கும் தலைவர் அவர்களே, அனுபவத்தில் பழுத்த ஆசிரியப் பெருமக்களே, அடுப்பை அணைத்த கையோடு அவசரமாய் வந்து அமர்ந்திருக்கும் அன்னையரே, அருமை மாணவச் செல்வங்களே, அனைவருக்கும் வணக்கம்!

எங்கள் பள்ளியில் சென்ற ஆண்டு நடந்ததைச் சொல்லத் துடித்துக்கொண்டு வந்திருக்கிறேன். ஆறாம் வகுப்பில் ஒரு மாணவி. தோழிகள் வைத்த பெயர் தாளக்காரி. மேசை கிடைத்தால் மேசை, டிபன் டப்பா கிடைத்தால் டப்பா. அவள் விரல் சும்மா இருக்காது. பின்னக் கணக்கு என்றால் மட்டும் விரல் உறைந்துவிடும், விழி நிறைந்துவிடும்.

தையற்கடையில் வேலை பார்க்கும் அவள் அம்மா ஒருநாள் வந்தார்.

“டீச்சர், இவளுக்குப் படிப்பு ஏறல. தினமும் அழுதுக்கிட்டே தூங்கறா. என்கூடக் கடைக்கே கூட்டிட்டுப் போயிடறேன்.”

கணக்கு ஆசிரியை பதறினார். “இந்த வாரம் மட்டும் பொறுங்கம்மா. வேற மாதிரி சொல்லிப் பார்க்கறேன்.”

என்ன செய்தார் தெரியுமா? சாக்பீஸைக் கீழே வைத்தார்!

“ஒரு தட்டு தட்டி, நாலு எண்ணுற வரைக்கும் இருங்க. அது முழுசு. அதே நேரத்துல ரெண்டு தட்டினா ஒவ்வொண்ணும் அரை. நாலு தட்டினா கால். இப்போ அரையும் காலும் சேர்ந்தா?”

வகுப்பு விழித்தது. தாளக்காரி கண்ணை மூடித் தட்டினாள். “அரைக்குள்ள ரெண்டு கால் இருக்கு டீச்சர். இன்னொரு கால் சேர்ந்தா முக்கால்.”

கைதட்டுகிறீர்கள், பொறுங்கள் ஐயா, இன்னும் இருக்கிறது. பக்கத்தில் இருந்தவள், எந்நேரமும் படம் வரைபவள், உதட்டைப் பிதுக்கினாள். “எனக்குச் சத்தம்தான் கேக்குது. ஒண்ணும் புரியல.”

ஆசிரியை யோசிப்பதற்குள் தாளக்காரி முந்திக்கொண்டாள். “நீ நாலு கட்டம் போடுடி. நான் தட்டத் தட்ட ஒவ்வொண்ணா வண்ணம் அடி.” மூன்று கட்டம் சிவந்தது, அவள் முகமும் மலர்ந்தது. ஆசிரியை கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டார்.

அவையோரே, காதால் கற்பவள் உண்டு. கண்ணால் கற்பவள் உண்டு. கழற்றிப் பார்த்தாலன்றி நம்பாதவனும் உண்டு. எல்லோருக்கும் ஒரே பலகை, ஒரே குரல், ஒரே விதம் என்று நடத்திவிட்டு, புரியாத பிள்ளைக்கு மக்கு என்று பட்டம் கட்டுவது நியாயமா? அறிவு பல விதமாய் இருக்கையில் பாடம் மட்டும் ஒரு விதமாய் இருக்கலாமா?

வார இறுதியில் அந்த அம்மா மகளை அழைத்துப்போக வந்தார். வாசலிலேயே மகள் மறித்தாள். “அம்மா, அரை மீட்டர் துணியில பாதி எவ்வளவு, சொல்லு பார்ப்போம்.”

“கால் மீட்டர். அதுக்கு என்ன இப்போ?”

“அதோட அரை மீட்டர் சேர்த்தா முக்கால். எனக்கும் தெரியும்மா.”

அம்மா, வாசலுக்கு வந்த ஆசிரியையிடம் மெல்லச் சொன்னார்: “டீச்சர், கடைக்கு நான் மட்டும் போறேன்.”

ஆசிரியத் தோழர்களே, நாளை உங்கள் வகுப்பில் வாய் திறவாத பிள்ளை ஒன்று இருக்கும். அதே பாடத்தை அதற்காக இன்னொரு விதமாய்ச் சொல்லுங்கள். செவிகொடுத்த உங்கள் அனைவருக்கும் நெஞ்சம் நிறைந்த நன்றி. வணக்கம்.